வேளாண் சூழலியலைப் பெருநிறுவனங்களும் ஆதரிக்கும்போது உழவர் இயக்கங்கள் ஏன் எதிர்க்கின்றன?

வேளாண் சூழலியல் என்பது வெளி இடுபொருள்களைக் குறைத்து, பயிர், பூச்சி, மண் ஆகியவற்றின் இயல்பான உறவுகளைக் கொண்டே விளைவிக்கும் முறை. ஆனால் இரு தரப்பும் பேசுவது ஒரே பொருளைப் பற்றியல்ல என்பதே என் பதில்.

கென்யாவின் சிறு உழவர் பலரது மக்காச்சோள வயல்களில், பயிர் வரிசைகளுக்கு இடையே டெஸ்மோடியம் என்ற தீவனச் செடியும், வரப்போரம் நேப்பியர் புல்லும் நிற்கும். டெஸ்மோடியத்தின் வாடை தண்டுத் துளைப்பானின் தாய் அந்துப்பூச்சியை விரட்ட, நேப்பியர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. டெஸ்மோடியத்தின் வேர்க்கசிவு ஸ்ட்ரைகா என்ற ஒட்டுண்ணிக் களையை ஒடுக்குகிறது. அறுத்தால் இரண்டுமே மாட்டுக்குத் தீவனம். ஆண்டுதோறும் மருந்து வாங்கும் தேவை இங்கே குறைந்துவிடுவதால், மருந்து விற்பவருக்கு இதில் ஆதாயம் இல்லை.

அதனால்தான் நிறுவனங்கள் தரப்பில், உழாமல் களைக்கொல்லி தெளித்து விதைப்பதும் மண்வளத்தை மீட்கும் ‘மீளுருவாக்க வேளாண்மை’ என்ற பெயரில் முன்வைக்கப்படுகிறது.

2020 அக்டோபரில் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு, பூச்சிக்கொல்லி நிறுவனங்களின் கூட்டமைப்பான கிராப்லைஃப் இன்டர்நேஷனலுடன் ஒத்துழைப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டது. 2021 ஐ.நா. உணவு உச்சி மாநாட்டின் சிறப்புத் தூதராக இருந்தவர், ஆப்பிரிக்கப் பசுமைப் புரட்சிக் கூட்டணியான அக்ரா அமைப்பின் அப்போதைய தலைவர் ஆக்னஸ் கலிபாட்டா. 2006-இல் கேட்ஸ், ராக்ஃபெல்லர் அறக்கட்டளைகளின் நிதியில் தொடங்கிய அந்த அமைப்பு, வணிக விதையையும் ரசாயன உரத்தையும் முன்னிறுத்தி வந்தது. பன்னாட்டு உழவர் இயக்கமான லா வியா கம்பெசினா உள்ளிட்ட இயக்கங்கள் அம்மாநாட்டைப் புறக்கணித்தது எனக்கு முற்றிலும் நியாயமாகவே படுகிறது: 2015-இல் மாலியின் நியெலெனியில் அவை வெளியிட்ட பிரகடனம், விதை, நிலம், நீர் ஆகியவற்றின் மீதான மக்களின் உரிமையிலிருந்து வேளாண் சூழலியலைப் பிரித்துப் பார்க்கவே இல்லை.