துணைன்னா கீழன்னு யாரு சொன்னது?

அன்புள்ள அக்காவுக்கு,

வர்ற தை மாசம் எனக்குக் கல்யாணம். ரெண்டு வீடும் கத்தோலிக்கர்தான். திருமணத் தயாரிப்பு வகுப்புல பேசுன ஒருத்தர், “புருஷன் தலை, பொண்டாட்டி உடம்பு, ஆணுக்குத் துணையாத்தான் பொண்ணப் படைச்சார், அதனால பணிஞ்சு போ”ன்னு சொன்னார். மாப்பிள்ளையும் தலையாட்டினார். எனக்கு ராத்திரி பூரா தூக்கம் இல்ல. ஆணும் பொண்ணும் ஒருத்தர ஒருத்தர் நிறைவு செய்யணும்னு மதம் சொல்றது அடிமைத்தனத்துக்கு வெச்ச நல்ல பேரா? வேலைய விடணுமா, என் பேருக்குப் பின்னாடி அவர் பேரப் போடணுமா?

– ஒரு வாசகி, முத்தியால்பேட்டை

தங்கச்சி,

பேரு உன் இஷ்டம். வேலைய விடாத. அதுக்கு மேல அதுல பேச ஒண்ணுமில்ல. உன் கடிதம் வந்தது எங்கம்மா திதி அன்னிக்கு, நானும் காலைலேருந்து இதையேதான் நெனச்சிட்டிருந்தேன்.

மொதல்ல உன்னத் திட்டணும். ராத்திரி பூரா முழிச்சிருந்தியே, வீட்டுல இருக்குற பைபிளத் தொறந்தியா? வகுப்புல அவர் சொன்னது பவுல் எபேசியருக்கு எழுதுன கடிதம், 5ம் அதிகாரம், 22, 23ம் வசனம். ஒரு வரி மேல ஏறுனா 21ல ஒருத்தருக்கொருத்தர் பணிஞ்சிருங்கன்னு இருக்கு, கீழ எறங்குனா 25ல கிறிஸ்து திருச்சபைக்காகத் தன்னையே குடுத்த மாதிரி புருஷன் பொண்டாட்டிய நேசிக்கணும்னு இருக்கு. தலையா இருக்க ஆசப்படுறவன் உயிரக் குடுக்கவும் தயாரா இருக்கணும். திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலும் 1988ல பெண்களோட மாண்பு பத்தி எழுதுன மடல்ல, பணிவு ரெண்டு பக்கமும்தான்னு தெளிவா சொல்லிட்டார்.

ஆனா எனக்கு வயிறு எரியுறது அந்த ‘துணை’ங்கிற சொல்லுக்காக. தொடக்கநூல்ல தகுந்த துணைன்னு வர்ற எடத்துல எபிரேயத்துல இருக்குறது ‘ஏசெர்’. திருப்பாடல் 121ல எனக்கு உதவி ஆண்டவர்கிட்டேருந்து வரும்னு சொல்றப்பவும் அதே சொல்தான். நான் சைவ வீட்டுப் பொண்ணு, எங்க பக்கம் வந்தாலும் இதேதான், அப்பரக் கல்லுல கட்டிக் கடல்ல தள்ளுனப்ப அவர் பாடுனது “நற்றுணையாவது நமச்சிவாயவே”. அப்படியே கடலூர்ல, திருப்பாதிரிப்புலியூர்ல கரையேறுனார்னு சொல்லுவாங்க. முங்கிப் போறவனத் தூக்கி விடுறதுக்குப் பேருதான் துணை. கடவுளுக்குச் சொன்ன சொல்ல எடுத்துப் பொண்ணுக்கு வெச்சிருக்கு, அதப் போயி எடுபிடின்னு அர்த்தம் பண்ணி வெச்சிருக்காங்களே!

எங்க ஊரு பண்ருட்டி பக்கம். அப்பா குடிக்கிற தண்ணியக் கூட தானா மொண்டு குடிச்சதில்ல. 2011 டிசம்பர் 30 தானே புயல்ல முந்திரியும் பலாவும் வேரோட சாஞ்சு கெடந்துச்சு, அப்பா திண்ணையில உக்காந்தவர்தான், மூணு நாளு எழுந்திரிக்கல. அம்மாதான் சாஞ்ச மரத்த ஒண்ணு ஒண்ணா எண்ணி நோட்டுல எழுதி, நிவாரணத்துக்கு அலைஞ்சு, வெறகுக்காரன்கிட்ட வெல பேசி, ராத்திரி வந்து ரசஞ்சோத்த உருட்டி அவர் கையில வெச்சா. அன்னிக்கு எங்க வீட்டுல தலை யாரு, நீயே சொல்லு.

அதுக்கப்பறம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துடுச்சு. நைட்டி போட்டுக்கம்மான்னு நாங்க எல்லாரும் சொன்னோம், பொடவைதான்னு அடம் பிடிச்சா. அப்பா ஊக்க வாயில கவ்விக்கிட்டு, அவ கால்மாட்டுல முட்டி போட்டு உக்காந்து, கொசுவத்த மடிச்சு மடிச்சு வெப்பார், அவ மேலேருந்து “கோணலா இருக்கு, அவுத்துக் கட்டுங்க”ம்பா, அவரும் மறுபடி அவுத்துக் கட்டுவார். நாலு வருஷம் தெனமும் இது நடந்துச்சு. அவர் எபேசியரும் படிச்சதில்ல, தேவாரமும் பாடுனதில்ல.

நீ கேட்டதுக்குப் பதில் சொன்னேனான்னு தெரியல கண்ணு. அடுத்த வகுப்புக்குப் போறப்ப பைபிள எடுத்துட்டுப் போ. தலையாட்டுன அந்தத் தம்பிய 25ம் வசனத்த வாய்விட்டுப் படிக்கச் சொல்லு. படிச்சு முடிச்சதும் என்ன சொன்னார்னு எனக்கு எழுது.