ஒரே பேர், எத்தனை ஆள்?

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களின் கப்பல் பட்டியலைப் பற்றிப் போன மாதம் எழுதினேன். அதனால் இந்த மாதம் வந்த கடிதமெல்லாம் அதைச் சுற்றியே.

உம்லாசி கப்பலில் வந்த முனுசாமி இரண்டு பேர் கிடைக்கிறார்கள். இருவரும் ஒருவர்தானா? (டர்பன் வாசகர்)

எந்த வருடத்துப் பயணம்? உம்லாசி நேட்டாலுக்கு எத்தனையோ நடை ஆள் ஏற்றிவந்த கப்பல். கப்பல் பேரை மட்டும் சொல்வது, "எழும்பூருக்கு ரயிலில் வந்தார்" என்பது மாதிரி. காலனி எண் (வந்த ஒவ்வொரு கூலிக்கும் பட்டியலில் போட்ட எண்), வந்த தேதி, அப்பா பேர், ஊர் நான்கையும் எழுதியனுப்புங்கள். ஒரே நடையில் வந்திருந்தாலும் எண் வேறாக இருந்தால் அது வேறு ஆள்.

ஒரு தாளில் கவுண்டர், இன்னொன்றில் கோவெண்டர். இரண்டு குடும்பமா?

இல்லை. கவுண்டர் அங்கே போய்க் கோவெண்டர் ஆனார், முதலியார் மூட்லி ஆனார். குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார், அவ்வளவுதான்.

பட்டியலில் வட ஆற்காடு, பாட்டி சொன்னது சித்தூர். எங்கள் குடும்ப மரத்தில் இரண்டு ஆளாக நிற்கிறார்.

ஒரே ஆளாக இருக்க நல்ல வாய்ப்பு. சித்தூர் தனி ஜில்லாவானது 1911இல். நேட்டாலுக்குக் கூலி அனுப்புவது நின்றதும் அதே வருடம். அதற்கு முன் சித்தூர், வட ஆற்காட்டுக்குள் இருந்த ஊர். தாலுகா, கிராமம் கட்டங்களைப் பாருங்கள். 1910இல் பிறந்த ராமநாதபுரத்துக்கும் இதே கதைதான். மதுரை, திருநெல்வேலி இரண்டிலும் தேடுங்கள்.

இணையத்தில் எல்லாரும் சேர்ந்து திருத்தும் பொதுக் குடும்ப மரத்தில் என் கொள்ளுத்தாத்தாவை யாரோ வேறொருவரோடு இணைத்துவிட்டார்கள். சரிசெய்ய முடியுமா?

முடியும், ஆனால் வலிக்கும். இணைக்க ஒரு சொடுக்கு, பிரிக்க ஒரு மாதம். மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் கூடவே இடம் மாறியிருப்பார்கள். மாற்ற வரலாற்றைத் திறந்து, இணைப்புக்கு முன்னால் யார் யாரோடு இருந்தார் என்பதை முதலில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம்தான் கை வையுங்கள்.

இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. நம் வீடுகளில் பேரனுக்குத் தாத்தா பேர்தான். பேரன் என்றாலே பெயரன். போதாததற்கு, நேட்டால் பதிவில் அப்பா பேர் குடும்பப் பேராக உட்கார்ந்துகொள்ளும். முனுசாமி மகன் பெருமாள், 'பெருமாள் முன்சாமி' ஆவார். அவர் மகனுக்கு மறுபடி முனுசாமி என்று வைப்பார்கள்; அவர் 'முன்சாமி பெருமாள்'. கணினி இதைப் பார்த்து "ஒரே ஆள் போலிருக்கிறது" என்று யோசனை சொல்லும். நம் ஆட்கள் உடனே சரி என்று தட்டிவிடுவார்கள். நான் பார்த்த ஒரு மரத்தில் தாத்தாவும் பேரனும் ஒன்றாகி, பேரனின் பிறந்த வருடம் 1908 மட்டும் நின்றது. தாத்தாவின் மகன் பிறந்தது 1885. அப்பனைவிட மகன் 23 வயது மூத்தவன்! மூன்று பேர் அந்த மரத்தை நகலெடுத்தும் இருந்தார்கள்.

எண்ணைப் பார்க்காமல் இணைக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் இருவரையும் தனித்தனியே விட்டு, "ஒருவராக இருக்கலாம்" என்று குறிப்பு மட்டும் போடுங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் மரணப் பதிவோ சொத்துக் கோப்போ கிடைத்த பிறகு முடிவெடுக்கலாம்.

வயதில் ஐந்து வருட வித்தியாசம்.

கண்டுகொள்ளாதீர்கள். அந்தக் கட்டத்தில் இருப்பது பெரும்பாலும் உத்தேச வயது.

ஊர், அப்பா பேர் எல்லாம் பொருந்துகிறது. எண் மட்டும் இரண்டு. எண் வேறானால் வேறு ஆள் என்றீர்களே?

நல்ல கேள்வி. பத்து வருடம் முடித்தவருக்கு ஊர் திரும்ப இலவசக் கப்பல் உண்டு. போனவர்களில் சிலர் இங்கே பிழைக்க முடியாமல் மறுபடி கப்பல் ஏறினார்கள். அப்போது புது எண். இரண்டு வருகைக்கும் நடுவில் அவர் ஊர் திரும்பிய பதிவு இருந்தால் தாராளமாக இணையுங்கள்.

என் தாத்தா பேர் ராமசாமி, மதராஸிலிருந்து போனார். தேடித்தர முடியுமா?

1860 முதல் 1911 வரை போனவர்கள் ஒன்றரை லட்சம். மூன்றில் இரண்டு பங்கு மதராஸ் வழியாக. எண் அனுப்புங்கள்.