மோட்டார் ஓடுது, தண்ணி ஏறுதா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கிளஸ்டர் (ஒரே வேலைக்காகச் சேர்த்துக் கட்டிய பல மெஷின்கள்) சமாசாரம். பெங்களூரு வாசகர்கள்தான், வேறு யார் எழுதப் போகிறார்கள். அதனால் மற்றக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: எங்கள் ஆபீஸில் 12 மெஷின் கொண்ட ஹடூப் கிளஸ்டர் இருக்கிறது. ஒவ்வொரு மெஷினாக லாகின் செய்து ஜேபிஎஸ் அடித்தால் எல்லாவற்றிலும் டேட்டாநோட் ஓடுவதாகத்தான் காட்டுகிறது. ஆனால் நேம்நோட் பக்கத்தில் இரண்டு மெஷின் ‘டெட்’ என்று வருகிறது. எதை நம்புவது?
– ஒரு வாசகர், பொம்மனஹள்ளி

பதில்: நேம்நோடை நம்புங்கள். (புதியவர்களுக்கு: ஹடூப் பெரிய டேட்டாவைப் பல மெஷினில் பிரித்து வைக்கிற மென்பொருள். டேட்டாவைச் சுமப்பது டேட்டாநோட், எது எங்கே இருக்கிறது என்று கணக்கு வைப்பது நேம்நோட், ஓடுகிற ஜாவா புரோசஸ்களைப் பட்டியல் போடுகிற கட்டளை ஜேபிஎஸ்.)

2024 கோடையில் இந்த ஊரில் தண்ணீருக்கு அடித்துக்கொண்டோமே, அப்போது எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேனிடம் கேட்டால் ‘மோட்டார் ஓடுது சார்’ என்பார். அவர் பொய் சொல்லவில்லை. கீழே நின்றால் சத்தம் நமக்கே கேட்கும். போர்வெல் வற்றிப்போய், மேலே டேங்குக்கு ஒரு சொட்டு ஏறவில்லை என்பதுதான் விஷயம். ஜேபிஎஸ் அந்த வாட்ச்மேன் மாதிரி. ஜாவா புரோசஸ் ஒன்று உயிரோடு இருக்கிறது என்று மட்டும் சொல்லும், அது வேலை பார்க்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

நேம்நோட் வேறு மாதிரி கணக்கு வைக்கிறது. ஒவ்வொரு டேட்டாநோடும் 3 வினாடிக்கு ஒரு முறை ‘இருக்கேன்’ என்று அதற்குச் சொல்ல வேண்டும், ஹார்ட்பீட் என்பது இதுதான். அது நின்றுவிட்டால் உடனே டெட் என்று எழுதிவிடாது, வழக்கமான செட்டிங்கில் 10 நிமிடம் 30 வினாடி பொறுத்துப் பார்க்கும் (5 நிமிட மறுசோதனை இடைவெளி இரண்டு தடவை, அதற்கு மேல் பத்து ஹார்ட்பீட், இப்படி வருகிறது அந்தக் கணக்கு). இவ்வளவு பொறுமை எதற்கு என்றால், டெட் என்று முடிவு செய்ததும் அந்த மெஷினில் இருந்த பிளாக்குகளுக்கு (ஃபைல்களின் துண்டுகள்) எல்லாம் மூன்று பிரதி திரும்ப இருக்க வேண்டுமே என்று மற்ற மெஷின்களுக்கிடையில் காப்பி அடிக்கத் தொடங்கிவிடும். யாரோ ஒரு நெட்வொர்க் ஸ்விட்சை ரீபூட் செய்கிற இரண்டு நிமிடத்துக்காக டெராபைட் கணக்கில் தூக்கிச் சுமப்பது தேவையா? இதைத் தெரிந்துகொள்ளாமல் சிலர் சோதனைக்காக ஒரு டேட்டாநோடைக் கொன்றுவிட்டு, ஐந்து நிமிடம் கழித்தும் லைவ் என்று காட்டுகிறதே, மானிட்டரிங் கெட்டுவிட்டது என்று அலறுவார்கள்.

உங்கள் இரண்டு மெஷினுக்கு வருவோம். முதலில் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் நேம்நோடின் பழைய ஐபி எதுவும் மிச்சம் இருக்கிறதா பாருங்கள், நான் பார்த்த கேஸ்களில் நிறைய இதுதான். அப்புறம் ஃபயர்வால். அதுவும் இல்லை என்றால் டேட்டாநோடின் லாகைத் திறங்கள். டிஸ்க் தொங்கிப்போய் புரோசஸ் சிலையாக நிற்கிறதா, அல்லது ஜாவா மெமரிக் குப்பை கூட்டுகிறேன் என்று நீண்ட நேரம் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும்.

ஜேபிஎஸ் தலைகீழாகவும் ஏமாற்றும். அது ‘டெம்ப்’ ஃபோல்டரில் ஜாவா எழுதி வைக்கிற சின்ன ஃபைல்களைப் பார்த்துத்தான் பட்டியல் போடுகிறது. பழைய டெம்ப் ஃபைல்களைத் துடைக்கிற ஸ்கிரிப்ட் ஏதாவது அந்தப் பக்கம் போயிருந்தால், நன்றாக ஓடுகிற டேட்டாநோட்கூடப் பட்டியலில் வராது. வேறு யூசரின் பெயரில் ஓடினாலும் அப்படித்தான்.

கிளஸ்டர் மெஷின்களை ஒருங்கிணைக்கிற ஜூகீப்பரிலும் இந்தக் கதை உண்டு. ‘ஆர் யூ ஓகே’ என்பதை நாலு எழுத்தாகச் சுருக்கி அனுப்பினால் ‘ஐ ஆம் ஓகே’ என்று அதுவும் நாலு எழுத்தில் பதில் சொல்லும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்தப் பதில் வந்ததால் அந்த சர்வர் மற்றவர்களோடு குவோரத்தில் (முடிவெடுக்கத் தேவையான பெரும்பான்மை) சேர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை என்று அவர்களுடைய கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. லீடரா ஃபாலோயரா என்று ‘ஸ்டாட்’ கேட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். (3.5.3 பதிப்பிலிருந்து இந்த நாலெழுத்துக் கட்டளைகளை நீங்களே கான்ஃபிக்கில் அனுமதித்தால்தான் வேலை செய்யும், பதில் வரவில்லையே என்று பதறாதீர்கள்.)

கேள்வி: பின்னணியில் ஓடும் புரோகிராமை ‘டீமன்’ என்கிறார்களே, பேய் என்றா அர்த்தம்?
– வாசகி, சிவாஜிநகர்

பதில்: கிட்டத்தட்ட. 1963 வாக்கில் அமெரிக்காவில் எம்ஐடியின் புராஜெக்ட் மேக் என்ற கம்ப்யூட்டர் ஆராய்ச்சித் திட்டத்தில் இருந்தவர்கள் வைத்த பெயர். இயற்பியலாளர் மேக்ஸ்வெல் 1867-ல் ஒரு கற்பனைப் பூதத்தை எழுதினார், அது கதவருகே நின்று வேகமான மூலக்கூறை ஒரு பக்கமும் மெதுவானதை இன்னொரு பக்கமுமாகப் பிரித்துக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாமல் சளைக்காமல் வேலை பார்ப்பதால் அதன் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். எஸ்எஸ்ஹெச்டி, கிரான்டி என்று பல பெயர்கள் ‘டி’-யில் முடிவது இதனால்தான். என்னைக் கேட்டால் குட்டிச்சாத்தான் என்று தமிழாக்கலாம். ஏவினால் செய்யும், கவனிக்காமல் விட்டால் வைத்தவனையே படுத்தும்.

கேள்வி: குபர்நெட்டிஸில் எங்கள் சர்வீஸின் லைவ்னஸ் புரோபுக்குள் டேட்டாபேஸுக்கு ஒரு க்வெரி அனுப்பிப் பார்க்கும்படி எழுதியிருந்தேன், ‘வேலை பார்க்கிறதா என்று கேள்’ என்று நீங்கள் எப்போதும் சொல்வதை வைத்துத்தான். போன வாரம் டேட்டாபேஸ் இரண்டு நிமிடம் மெதுவானது, எல்லா பாடும் ரீஸ்டார்ட் ஆகி, சைட் அரை மணி நேரம் படுத்துவிட்டது. மேனேஜர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.
– ஒரு வாசகர், மாரத்தஹள்ளி

பதில்: அடடா, பழி என் மேல் வருகிறது. சரி, கொஞ்சம் நியாயம்தான், நான் பாதி சொல்லி நிறுத்தியிருக்கிறேன். (புதியவர்களுக்கு: குபர்நெட்டிஸ் என்பது கன்டெய்னர்களில் அடைத்த ஆப்களைப் பல மெஷினில் ஓட்டி மேய்க்கிற மென்பொருள். பாட் என்பது அப்படி ஓடுகிற ஒரு பிரதி, புரோப் என்பது அதனிடம் அவ்வப்போது நடக்கும் நலம் விசாரிப்பு.)

‘இல்லை’ என்று பதில் வந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று பார்த்துவிட்டுத்தான் என்ன கேட்பது என்று முடிவு செய்ய வேண்டும். லைவ்னஸ் தோற்றால் குபர்நெட்டிஸ் கன்டெய்னரைக் கொன்று திரும்ப எழுப்பும். ஆக அங்கே கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிற கோளாறா இது? டெட்லாக்கில் (ஒன்றுக்காக ஒன்று காத்து நிற்கும் முடக்கம்) மாட்டிய புரோசஸ் என்றால் ஆமாம். டேட்டாபேஸ் திணறுவதற்கு உங்கள் பாட் என்ன செய்யும்? அதைக் கொன்றதால் என்ன ஆனது பாருங்கள். எல்லா பாடும் ஒரே சமயத்தில் எழுந்து, ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த டேட்டாபேஸிடம் போய்ப் புதுப்புது கனெக்‌ஷனாகத் திறந்தன. எரிகிற தீயில் எண்ணெய். அந்த அரை மணி நேரத்தில் பெரும்பங்கு இதற்குப் போயிருக்கும்.

நீங்கள் எதையும் மாற்றவில்லை என்றால் 10 வினாடிக்கு ஒரு தடவை கேட்கும், 1 வினாடிக்குள் பதில் வர வேண்டும், தொடர்ந்து மூன்று தடவை தவறினால் தலை போய்விடும். அரை நிமிடம்தான் அவகாசம். மெதுவான டேட்டாபேஸ் க்வெரியை 1 வினாடிக்குள் முடி என்றால் எப்படி?

ரெடினஸ் புரோப் தோற்றால் கொலை கிடையாது, அந்த பாடுக்கு டிராஃபிக் போகாது, அவ்வளவுதான், தேறியதும் தானாகச் சேர்ந்துகொள்ளும். இந்த பாட் இப்போது வேலை பார்க்குமா என்கிற ஆழமான கேள்வியை அங்கே வையுங்கள். அதிலும் ஒரு வம்பு இருக்கிறது: எல்லா பாடும் ஒரே டேட்டாபேஸைப் பார்த்துப் பதில் சொன்னால் எல்லாம் ஒரே நொடியில் ‘ரெடி இல்லை’ ஆகி, டிராஃபிக்கை வாங்க ஆளே இருக்காது. டேட்டாபேஸ் இல்லாமலும் பழைய கேஷிலிருந்து எதையாவது, இல்லை ஒரு மன்னிப்புப் பக்கமாவது காட்ட முடியும் என்றால் டேட்டாபேஸ் சோதனையை ரெடினஸிலும் சேர்க்காமல் விடுவேன். எழுந்திருக்கவே நேரம் எடுக்கிற ஆப் என்றால் ஸ்டார்ட்அப் புரோப் போடுங்கள், அது பாஸாகும்வரை மற்ற இரண்டும் காத்திருக்கும்.

மேனேஜருக்கு ஒரு ஃபில்டர் காபி வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: ஐஐஎஸ்சியின் பரம் பிரவேகா பற்றிப் படித்தேன். அவ்வளவு பெரிய கிளஸ்டரில் ஒரு மெஷின் மட்டும் கெட்டால் என்ன பெரிய நஷ்டம்? எங்கள் கல்லூரியிலும் சின்னதாக ஸ்லர்ம் போட்டிருக்கிறோம்.
– மாணவர், கே.ஆர்.புரம்

பதில்: பிரவேகா என்கிற அந்த சூப்பர்கம்ப்யூட்டர் 2022-ல் வந்தது, வேகம் 3.3 பெட்டாஃப்ளாப். அவர்கள் உள்ளே என்ன செய்கிறார்கள் என்பது அவர்கள் பாடு, ஜாப்களை மெஷின்களுக்குப் பங்கிடுகிற உங்கள் ஸ்லர்முக்கு வருவோம்.

செத்த மெஷினால் நஷ்டம் குறைவு. அரைகுறையாக உயிரோடு இருப்பதுதான் ஆபத்து. ஒரு மெஷினில் பொது ஸ்டோரேஜ் மவுன்ட் ஆகவில்லை என்று வையுங்கள். அந்த மெஷினில் உள்ள ஸ்லர்மின் டீமனான ஸ்லர்ம்டி நன்றாக ஓடுகிறது, தலைமை டீமனுக்கு ஒழுங்காகப் பதில் சொல்கிறது. ஒரு ஜாப் வருகிறது, ஃபைல் இல்லை என்று ஒரு வினாடியில் தோற்கிறது. மெஷின் காலி! அடுத்த ஜாப் வருகிறது, அதுவும் தோற்கிறது. மற்ற மெஷினெல்லாம் பிஸியாக இருக்க, நோயாளி மட்டும் எப்போதும் காலியாக இருப்பதால் க்யூவில் இருந்த அத்தனையையும் விழுங்கிவிடும். காலையில் வந்து பார்த்தால் நூற்றுக்கணக்கில் தோற்ற ஜாப், எல்லாம் ஒரே மெஷினில்.

ஸ்லர்ம் கான்ஃபிக்கில் ஹெல்த் செக் புரோகிராம் என்று ஒரு வரி, எத்தனை வினாடிக்கு ஒரு தடவை என்று இன்னொரு வரி இருக்கும். மவுன்ட் இருக்கிறதா, டிஸ்கில் எழுத முடிகிறதா, மெமரி முழுசாகத் தெரிகிறதா என்று பார்க்கிற சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, குறை இருந்தால் அந்த மெஷினை ‘ட்ரெயின்’ (drain, ரயில் அல்ல) நிலைக்குத் தள்ளச் சொல்லுங்கள். ஓடுகிற ஜாப் முடியும், புதிது வராது. காரணத்தையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், ஆறு மாதம் கழித்து ஏன் தள்ளினோம் என்று நமக்கே மறந்துவிடும்.

கேள்வி: ஐயா, நான் ரிட்டயர்டு ரயில்வே ஊழியர். என் மகள் ஐடியில் இருக்கிறாள். ராத்திரி இரண்டு மணி, மூன்று மணிக்கெல்லாம் போன் அடிக்கிறது, எழுந்து லேப்டாப்பைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மூடிவிடுகிறாள். கேட்டால் ‘ஒன்றுமில்லைப்பா, தானே சரியாகிவிட்டது’ என்கிறாள். தானே சரியாவதற்கு ஏன் அவளை எழுப்ப வேண்டும்?
– அல்சூர்

பதில்: ஐயா, இந்த மாதத்தின் சிறந்த கேள்வி உங்களுடையதுதான். இதை அவர்கள் டீம் மீட்டிங்கில் நீங்களே போய்க் கேட்கலாம்.

லினக்ஸில் சிஸ்டம்டி என்று ஒன்று உண்டு. விழுந்த சர்வீஸை அதுவே தூக்கி நிறுத்தும், நாம் ஒரு வரி எழுதி வைத்தால் போதும். 10 வினாடிக்குள் 5 தடவை எழுப்பியும் நிற்கவில்லை என்றால் கைவிட்டுவிடும். கைவிட்ட பிறகு எழுப்பினால் அது நியாயமான போன். ஒரு தடவை விழுந்து எழுந்ததற்கெல்லாம் எழுப்பினால், நாளடைவில் பிள்ளைகள் பார்க்காமலே மூடப் பழகிவிடுவார்கள், உண்மையான ஆபத்தும் அதோடு மூடப்படும். டிஸ்க் 80 சதவீதம் நிரம்பியது காலை பத்து மணிக்குச் சொல்ல வேண்டிய செய்தி. எழுந்து செய்வதற்குக் கையில் ஒரு வேலை இல்லை என்றால் அந்த அலாரத்தை அழித்துவிடச் சொல்லுங்கள் மகளிடம்.

கேள்வி: மானிட்டரிங் சர்வரே விழுந்துவிட்டால்?
– பெயர் வேண்டாம், எலெக்ட்ரானிக் சிட்டி

பதில்: பழைய கம்பெனி ஒன்றில் எனக்கு நடந்தது. செலவு மிச்சம் என்று மானிட்டரிங்கையும் அதே கிளஸ்டரில் வைத்திருந்தோம். ஒரு ஞாயிறு முழுக்க ஒரு அலர்ட்கூட வரவில்லை, நிம்மதியாக லால்பாக் போய் வந்தேன். கிளஸ்டர் சனி ராத்திரியே படுத்திருந்தது.

அதற்குப் பிறகு எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கிற ஒரு அலர்ட் வைத்தோம். அது போகிற இடம் முற்றிலும் வேறு இடத்தில் உள்ள ஒரு சின்ன மெஷின். அந்த அலர்ட் பத்து நிமிடம் வராமல் போனால் அங்கிருந்து போன் அடிக்கும்.