கூட்டுறதா, திரட்டுறதா?

கேள்வி: எங்க தெருவுல மழைத்தண்ணி நிக்கிறதப் பத்திப் பேச ஒரு மீட்டிங் போடறோம் சார். நோட்டீஸ்ல 'மக்களைக் கூட்டுவோம்'னு எழுதினேன், அத பாத்துட்டு என் பொண்ணு, 'இன்னாப்பா, தொடப்பத்தாலயா?'ன்னு சிரிக்குது, 'ஒருங்கிணைப்போம்'னு மாத்தணுமாம். எது சார் கரெக்ட்டு?
– வாசகர், ராயபுரம்

பதில்: தொடப்பம்னு சொன்னதுல தப்பே இல்லீங்க, பொண்ணு சரியாத்தான் புடிச்சிருக்கா! ஓடு - ஓட்டு, ஆடு - ஆட்டு மாதிரி கூடு - கூட்டு. தானா சேந்தா கூடுறது, நாம சேத்தா கூட்டுறது. வாசல்ல செதறிக் கெடக்கிறத ஒரு மூலைக்குச் சேக்குறதும் அதே வார்த்தைதான், கணக்குல கூட்டலும் அதேதான், பூசணிக்காயும் பருப்பும் ஒண்ணா வெந்தா அதுவும் கூட்டுதான். ஆனா கூட்டத்தைக் கூட்டலாம், சட்டசபையக் கூட்டலாம், 'மக்களைக் கூட்டுவோம்'னு மொட்டையா போட்டா காதுல கொஞ்சம் இடிக்குது.

உங்களுக்கு வேண்டியது 'திரட்டு'. இதுக்கு மூலம் 'திரள்'. மோரு கடையும்போது வெண்ணெ திரண்டு வரும் பாருங்க, அங்கங்க இருந்தது ஒட்டி உருண்டையாகுறது, அதான். பெரம்பூர் பக்கம் பி அண்ட் சி மில் தொழிலாளிங்க முதல்ல ஒரு சபாவுல பக்திச் சொற்பொழிவு கேக்கத்தான் கூடிட்டிருந்தாங்க, அத நடத்துன செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும், அன்னி பெசன்ட்டோட ஹோம் ரூல் இயக்கத்துல இருந்த பி.பி.வாடியாவப் போய்ப் பாத்து, திரு.வி.க.வும் சேந்து, 1918 ஏப்ரல் 27ல சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆச்சு. அது வரைக்கும் கூடுனவங்க, அதுக்கப்புறம் திரண்டவங்கன்னு சொல்லலாம்.

'ஒருங்கிணைப்பு' ஏற்கெனவே தனித்தனியா நிக்கிற நாலு சங்கத்த ஒரே வேலைக்குக் கொண்டாறதுக்கு சரியா இருக்கும், ஒரு தெருவுக்கு அவ்ளோ பெரிய சட்டை எதுக்குங்க? (எதுக்கெடுத்தாலும் 'ஒருங்கிணைப்பாளர்'னு பேருக்குக் கீழ போட்டுக்கிறது இப்ப ஒரு வியாதியாவே ஆயிடுச்சு.)

அதனால 'கூட்டம் கூட்டுறோம், எல்லாரும் திரண்டு வாங்க'ன்னு போடுங்க. அடியில ஒரு வரி, 'பக்கத்து வூட்டுக்காரங்களையும் இட்டுனு வாங்க'. அதுக்கு உங்க பொண்ணும் சிரிக்காது.