சான் இசிட்ரோ பயந்தது எதற்கு?

கேள்வி: 'டோர்ட்டியா ஹெவன்' (2007) படம் பார்த்தேன். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் 73 பேர் மட்டுமே வாழும் ஸ்பானிய வம்சாவளியினரின் குக்கிராமம். சாப்பாட்டுக் கடைக்காரர் இசிடோர் சுட்ட ரொட்டியில் இயேசுவின் முகம் தெரிகிறது. வெளியூர் ஆள் ஒருவன் வந்து வழி காட்ட, ஊரே அதை வைத்துக் காசு பண்ணக் கிளம்பிவிடுகிறது. சிரித்தேன், ஆனால் உறுத்தியது. ரொட்டியில் கடவுளைப் பார்க்கும் அளவுக்கா ஒரு சமூகத்தை முட்டாளாகக் காட்டுவது? ஏழைகளின் நம்பிக்கை கேலிப்பொருளா?

பதில்: முதலில் ஒரு சந்தேகம். ரொட்டியில் கடவுளைப் பார்ப்பவர்கள் முட்டாள்கள் என்று படம் சொல்கிறதா, நீங்கள் சொல்கிறீர்களா? உங்கள் கேள்வியை நீங்களே இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

அந்த ரொட்டி வெறும் சினிமாச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். 1977 அக்டோபரில், அதே நியூ மெக்சிகோவின் லேக் ஆர்தர் என்ற சிற்றூரில், ஒரு பெண் கணவருக்குச் சாப்பாடு தயார் செய்துகொண்டிருந்தார். டோர்ட்டியா என்ற மெல்லிய ரொட்டியைச் சுருட்டும்போது, அதில் கருகிய தடம் ஒன்று கண்ணில் பட்டது. கட்டைவிரல் அளவு. அவருக்கு அது இயேசுவின் முகம். பங்குத்தந்தையிடம் கொண்டுபோனார். அவர் தயங்கித் தயங்கித்தான் மந்திரித்துக் கொடுத்தார். கண்ணாடிப் பெட்டி, மேகம் போலப் பஞ்சு, அதன்மேல் டோர்ட்டியா. வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அந்தப் பெண் அதை விட்டுவிட்டு, வருகிறவர்களை வரவேற்பதையே வேலையாக்கிக்கொண்டார். ஆயிரக்கணக்கில் வந்தார்கள். பூவும் புகைப்படங்களும் வைத்து வேண்டிக்கொண்டு போனார்கள்.

முகம் தெரிவதில் அதிசயம் ஒன்றுமில்லை. இரண்டு புள்ளி, கீழே ஒரு கோடு இருந்தால் போதும், நம் மூளை அதை முகமாக்கிவிடும். மேகத்திலும் சுவர்க்கறையிலும் நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டுச் சப்பாத்தியில் தினமும் ஏதாவது ஒரு நாட்டின் வரைபடம்தான் தெரிகிறது. அது என் ராசி.

கேலி விஷயத்துக்கு வருகிறேன். நியூ மெக்சிகோவில் ஸ்பானியர்கள் குடியேறியது 1598இல். மலையடிவார ஊர்களுக்குப் பாதிரியார் வருவதே அபூர்வம். கோயிலை அவர்களே மண்ணால் கட்டினார்கள், புனிதர்களை அவர்களே மரத்தில் செதுக்கினார்கள். தாங்களே செதுக்கிய புனிதரோடு உறவும் அப்படித்தான் இருக்கும். கேட்டதைக் கொடுக்காத புனிதரைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பார்கள், பெட்டிக்குள் போட்டுப் பூட்டுவார்கள். மாப்பிள்ளை அமையும்வரை அந்தோனியார் தலைகீழாக நிற்க வேண்டும்.

அங்கே சொல்லும் ஒரு கதை உண்டு. உழவர்களின் காவலரான சான் இசிட்ரோ, திருநாள் என்றும் பாராமல் ஏர் பூட்டிவிட்டார். கடவுளுக்குக் கோபம். "நிறுத்து, இல்லாவிட்டால் ஆலங்கட்டி மழை அனுப்புவேன்." அனுப்புங்கள் என்றார் இசிட்ரோ. "வெட்டுக்கிளி அனுப்புவேன்." அதையும் சமாளிப்பேன் என்றார். "சரி, ஒரு கெட்ட அண்டை வீட்டுக்காரனை அனுப்புகிறேன்." இசிட்ரோ ஏரை அவிழ்த்துவிட்டார். "சாமி, அது மட்டும் வேண்டாம்!"

தங்கள் புனிதரை வைத்து இப்படிச் சிரிக்கத் தெரிந்தவர்களுக்காக நீங்களும் நானும் புண்படத் தேவையில்லை. படத்தின் சாப்பாட்டுக் கடைக்காரர் பெயரும் இசிடோர், அதாவது இசிட்ரோதான். தற்செயலோ என்னவோ, படம் சொல்வதும் அந்தக் கதையைத்தான். முகம் தெரிந்தவரைக்கும் ஊர் நன்றாகத்தான் இருந்தது. அதற்கு விலை வைத்த அன்றைக்குத்தான் பக்கத்து வீட்டுக்காரன் கெட்டவனானான். 73 பேருள்ள ஊரில் எல்லோருமே அண்டை வீடு. நீங்கள் சிரித்ததும் இதற்குத்தான் என்பது என் ஊகம். ரொட்டியைப் பார்த்துச் சிரித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

படத்தில் எனக்கு உறுத்தியது வேறு. பேராசையைக் கற்றுக்கொடுக்க வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டியிருக்கிறது. ஊர்க்காரர்கள் சூதுவாது தெரியாதவர்கள், வந்தவன்தான் கெடுத்தான். இது சினிமாவுக்கு வசதி, அவ்வளவுதான். நிஜத்தில் நம்பிக்கையும் காசும் அங்கே எப்போதும் ஒரே கூரையின் கீழ்தான் இருந்திருக்கின்றன. நியூ மெக்சிகோவிலேயே உள்ள சிமாயோ என்ற ஊரின் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1816இல் கட்டி முடிக்கப்பட்டது, நூறு வருடத்துக்கு மேல் ஒரு குடும்பத்தின் சொந்தச் சொத்து. கையில் காசில்லாமல் போனபோது அந்தக் குடும்பம் கோயில் பொருள்களை விற்கத் தொடங்கியது. மாநிலத் தலைநகரான சான்டா ஃபேயின் கலை ஆர்வலர்கள் ஓடியாடி, பெயர் சொல்ல விரும்பாத ஒருவரிடமிருந்து 6,000 டாலர் வாங்கி, 1929இல் கோயிலை விலைக்கு வாங்கி மறைமாவட்டத்திடம் ஒப்படைத்தார்கள். விற்ற குடும்பத்தை யாராவது பக்தியில்லாதவர்கள் என்பார்களா? அடுப்பு எரிய வேண்டாமா?

அந்தக் கோயிலின் பக்க அறையில், தரையில் ஒரு சின்னக் குழி இருக்கிறது. அதிலுள்ள மண் நோய் தீர்க்கும் என்று எடுத்துப்போகிறார்கள். குணமானவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்கள் சுவரில் தொங்குகின்றன. புனித வாரத்தில் ஆயிரக்கணக்கானோர் நெடுஞ்சாலை ஓரமாக நடந்தே வருவார்கள். எடுக்க எடுக்க மண் தானாக நிறைகிறது என்று ஒரு காலத்தில் பேச்சு. பக்கத்திலிருந்து டன் கணக்கில் கொண்டுவந்து, மந்திரித்து, நாங்கள்தான் நிரப்புகிறோம் என்று கோயில்காரர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள். கூட்டம் குறைந்ததா? இல்லை. மண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தும் எடுத்துப்போகிறவர்களை முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏழைகளின் நம்பிக்கை என்று கேட்டீர்கள் அல்லவா? பணக்காரர்கள் என்ன செய்தார்கள் என்றும் பாருங்கள். ஃபுளோரிடாவில் ஒரு பெண், மாதாவின் முகம் தெரிந்த சீஸ் சாண்ட்விச் ஒன்றைப் பத்து வருடம் பாதுகாத்துவிட்டு, 2004இல் ஈபே ஏலத்தில் விட்டார். ஒரு வாய் கடித்த சாண்ட்விச். 28,000 டாலர் கொடுத்து வாங்கியது யார் தெரியுமா? இணையத்தில் சூதாட்டம் நடத்தும் 'கோல்டன் பேலஸ்' நிறுவனம். பக்தியால் அல்ல, விளம்பரத்துக்காக. கணக்குப் போட்டுத்தான் வாங்கினார்கள், கணக்கும் தப்பவில்லை. இதோ, இருபது வருடம் கழித்து நான்கூட ஒரு பைசா வாங்காமல் அவர்கள் பெயரை அச்சடித்துக்கொண்டிருக்கிறேன்! யாரையாவது முட்டாள் என்று சொல்லியே ஆக வேண்டும் என்றால், இந்த இடத்தில் என்னைச் சொல்லலாம்.

அப்புறம், லேக் ஆர்தர் டோர்ட்டியா என்ன ஆயிற்று என்று அடுத்த வாரம் எப்படியும் யாராவது கேட்பார்கள். இப்போதே சொல்லிவிடுகிறேன். 2005இல் அந்த அம்மாவின் பேத்தி, வகுப்பில் காட்டுவதற்காகப் பள்ளிக்கு எடுத்துப்போனாள். கீழே விழுந்து உடைந்துவிட்டது. 28 வருடம் தாங்கியிருக்கிறது. எங்கள் வீட்டுச் சப்பாத்தி அன்று ராத்திரி வரைக்கும் தாங்குவதில்லை.