கோடைத் தொடக்கத்தில் வால்ஐ, பாஸ் மீன்கள் எங்கே இருக்கும்? தெர்மோக்ளைன் என்றால் என்ன?

மினசோட்டா போன்ற வட அமெரிக்கப் பகுதிகளின் ஆழமான ஏரிகளில், ஜூன் வாக்கில் மேலே சூடான நீரும் கீழே குளிர்ந்த நீரும் பிரிந்து நிற்கும். இடையே மீட்டருக்கு 1 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ வெப்பம் இறங்கும் பகுதிதான் தெர்மோக்ளைன்.

நீர் 4 டிகிரியில்தான் அதிகக் கனம். சூடேறிய நீர் லேசாகி மேலேயே தங்கும்; காற்றால் அதை அடிவரை கலக்க முடியாது. வாளியில் பச்சைத் தண்ணீர்மேல் வெந்நீரை மெல்ல ஊற்றி விளாவாமல் விட்டது போலத்தான்: மேலே சுடும், அடியில் சில்லென்றிருக்கும்.

வால்ஐயின் கண் மங்கலான ஒளிக்கு ஏற்றது. பகலில் நீர்ச்செடிகளின் வெளி விளிம்பிலும் சரிவுகளிலும் ஒதுங்கி, அந்தியில் ஆழம் குறைந்த இடத்துக்கு இரை தேடி வரும். காற்றடித்து நீர் கலங்கிய கரையில் நண்பகலிலும் கிடைக்கும். பாஸ் வேறு ரகம். நீர் 15 முதல் 20 டிகிரி இருக்கையில் கரையோரம் முட்டையிடும், காவல் ஆண்மீனே. அது தூண்டிலில் சிக்கினால் அங்கேயே உடனே விட்டுவிடுங்கள், இல்லையேல் சிறு மீன்கள் முட்டைகளைத் தின்றுவிடும்.

ஒலியலையால் நீருக்கடியில் இருப்பதைக் காட்டும் சோனார் கருவியில் கெயினை, அதாவது உணர்திறனை, சற்று ஏற்றினால் தெர்மோக்ளைன் மங்கலான பட்டையாகத் தெரியும். தூண்டில் அதற்கு மேலே இருக்கட்டும்.

வெயில் ஏற ஏற மீன் அடியாழத்துக்கே போய்விடும் என்பது தவறு. பாசி மிகுந்த ஏரிகளில் அந்த அடுக்குக்குக் கீழே ஆக்சிஜன் தீர்ந்துபோவதால் கோடை முற்றும்போது மீன் அங்கே தங்காது.