ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் ஜான் பிரவுன் ஏன் இரண்டே நாளில் தோற்றார்?

அமெரிக்காவில் அடிமைமுறையை ஆயுதம் ஏந்தி ஒழிக்க முயன்ற வெள்ளையர் ஜான் பிரவுன், 1859இல் அங்கே இருந்த அரசு ஆயுதக்கிடங்கைத் தாக்கினார். அவர் தோல்விக்கு ஆள் பற்றாக்குறை ஒரு காரணம்தான். பெரிய காரணம் இடம். அன்று வர்ஜீனியாவிலும் இன்று மேற்கு வர்ஜீனியாவிலும் உள்ள ஹார்ப்பர்ஸ் ஃபெரி, பொட்டோமாக், ஷெனன்டோவா ஆறுகள் கூடும் முனையில் மலைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது. பாலங்களை அடைத்துவிட்டால் வெளியேற வழியில்லை. அங்கே போனால் பொறியில் சிக்குவீர்கள் என்று, அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்து அடிமை ஒழிப்புத் தலைவரான ஃபிரெடரிக் டக்ளஸ் முன்பே எச்சரித்துவிட்டு, சேர மறுத்தார்.

பிரவுனோடு சேர்த்து மொத்தம் 22 பேர்; அவர்களில் ஐவர் கறுப்பினத்தவர். 1859 அக்டோபர் 16 இரவு, மூவரைத் தாங்கள் தங்கியிருந்த பண்ணை வீட்டில் காவல் வைத்துவிட்டு மற்றவர்கள் இறங்கினார்கள். அரசு ஆயுதக்கிடங்கைக் கைப்பற்றி, விடுவிக்கப்படும் அடிமைகளுக்கு ஆயுதம் கொடுத்து மலைக்கு ஏறிவிடுவது திட்டம். துப்பாக்கி பழகாதவர்களுக்கென்றே ஏறத்தாழ 950 ஈட்டிகள் செய்து வைத்திருந்தார். ஆனால் அடிமைகளுக்கு முன்கூட்டிச் சேதி போகவில்லை. கேள்வியே படாத கலகத்தில் யார் வந்து சேர்வார்கள்?

கிடங்கு எளிதாகவே கைக்கு வந்தது. அதன்பின் செய்ததுதான் புரியாத புதிர்: தந்திக் கம்பிகளை அறுத்தவர், நிறுத்திவைத்த ரயிலை விடியற்காலையில் போக விட்டார். அடுத்த தந்தி நிலையத்திலிருந்து செய்தி பறந்தது. மலையேறாமல் பிணைக்கைதிகளோடு காத்திருந்ததில், மறுநாள் நண்பகலுக்குள் உள்ளூர்ப் படை பாலங்களைப் பிடித்தது. 18ஆம் தேதி காலை, ராணுவ அதிகாரி ராபர்ட் இ. லீ தலைமையில் வந்த மரைன் வீரர்கள், பிரவுன் பதுங்கியிருந்த தீயணைப்பு எந்திரக் கொட்டகையின் கதவை ஏணியால் இடித்துப் பிளந்து அவரைப் பிடித்தார்கள். டிசம்பர் 2 அன்று பிரவுன் தூக்கிலிடப்பட்டார்.